தூணை இழுத்தவன் பெயர் என்ன?

தில்லியின் ஃபிரோஸ் ஷா கோட்லா என்றால் தமிழ் வாசகர்களில் பெரும்பாலோருக்கு கிரிக்கெட்தான் ஞாபகத்துக்கு வரும். 1999 பிப்ரவரியில் அனில் கும்ப்ளே பாகிஸ்தானின் பத்து விக்கெட்டுகளையும் ஒரே இன்னிங்ஸில் சாய்த்த மைதானம் அது. மைதானத்தை ஒட்டி நிற்கும் பழைய கோட்டைக்குள் போய்ப் பார்த்தவர்கள் குறைவு. 1351 முதல் 1388 வரை தில்லியை ஆண்ட சுல்தான் ஃபிரோஸ் ஷா துக்ளக் கட்டிய ஃபிரோசாபாத் நகரத்தின் மிச்சம் அது. இடிந்த மசூதி, வட்டமான படிக்கிணறு, அடுக்கடுக்காகக் குறுகி எழும் ஒரு கல் கட்டடம். அதன் உச்சியில், சுமார் 13 மீட்டர் உயரத்துக்கு ஒரே கல்லில் செதுக்கிய தூண்.

தூணைச் செய்வித்தவர் சுல்தான் அல்ல. அவருக்கு ஏறக்குறைய 1,600 ஆண்டுகளுக்கு முன் அசோகர் நட்டது. இன்றைய ஹரியானாவின் யமுனாநகர் மாவட்டத்தில் உள்ள தோப்ரா கிராமத்தில் நின்றுகொண்டிருந்ததைப் பெயர்த்துத் தில்லிக்குக் கொண்டுவந்தார் ஃபிரோஸ் ஷா. எப்படிக் கொண்டுவந்தார்கள் என்பது விவரமாகத் தெரியும். பிற்பாடு அந்தச் சுல்தானின் வரலாற்றை 'தாரீக்-இ-ஃபிரோஸ்ஷாஹி' என்ற பெயரில் எழுதிய ஷம்ஸ்-இ-சிராஜ் அஃபீப், அந்தச் சமயத்தில் தில்லியில் மாணவராக இருந்தார். அப்போது தன் வயது பன்னிரண்டு என்று அவரே குறித்து வைத்திருக்கிறார்.

பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் கண்ணை விரித்துக் கேட்டதும் பார்த்ததும் அவர் எழுத்தில் அப்படியே இருக்கின்றன. சுற்று வட்டாரத்து மக்களும் குதிரைப் படையும் காலாட்படையும் கருவிகளோடு வரவேண்டும், கூடவே இலவம்பஞ்சு மூட்டைகளும் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு போகிறது. தூணைச் சுற்றிப் பஞ்சைக் குவிக்கிறார்கள். அடியில் மண்ணைத் தோண்ட, தூண் மெதுவாகப் பஞ்சு மெத்தையில் சாய்கிறது. பிறகு பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுக்கிறார்கள். சில நாட்களில் தூண் பத்திரமாகத் தரையில் படுத்திருக்கிறது. கல்லுக்குச் சேதம் வராமல் இருக்க உச்சி முதல் அடி வரை நாணலும் பச்சைத் தோலும் சுற்றுகிறார்கள். 42 சக்கரங்கள் கொண்ட ஒரு வண்டி தயாராகிறது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு வடம். ஒவ்வொரு வடத்துக்கும் 200 ஆட்கள். யமுனைக் கரையில் பெரிய படகுகள் காத்திருக்கின்றன. அவற்றில் சில 5,000 மணங்கு, 7,000 மணங்கு தானியம் ஏற்றக் கூடியவை. தூண் படகேறித் தில்லி வந்து சேர்கிறது.

42 சக்கரம், சக்கரத்துக்கு 200 பேர். நான்காம் வகுப்புக் குழந்தை பெருக்கிச் சொல்லிவிடும்: 8,400 பேர். இந்த 8,400 பேரில் ஒருவர் பெயர்கூட அஃபீப்பின் புத்தகத்தில் இல்லை. அவர்கள் எந்த ஊர்க்காரர்கள், மதியம் என்ன சாப்பிட்டார்கள், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது யார், வயலில் அறுப்பு நேரமாக இருந்தால் அந்த வேலையை யார் பார்த்தார்கள், தூண் சாய்ந்தபோது வேடிக்கை பார்த்த குழந்தைகளை யார் விரட்டினார்கள்? எந்த நூலிலும் பதில் கிடைக்காது.

தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் சரித்திரக் கதை எழுத வேண்டிய இடம் இதுதான். எழுதி வைத்திருப்பது எங்கே முடிகிறது, எழுதாமல் விட்டது எங்கே தொடங்குகிறது என்று அந்த எல்லைக் கோட்டைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் இந்தப் பயிற்சியின் பயன். நல்ல கதை வந்தால் லாபம். வராவிட்டாலும் அந்தக் கோடு குழந்தையின் மனதில் பதிந்திருக்கும்.

நம் பள்ளிக்கூடங்களில் இந்தப் பழக்கம் இல்லை. ஆறாம் வகுப்பு வரை சரித்திரம் தனிப் பாடம்கூட இல்லை; சூழ்நிலையியலுக்குள் ஒளிந்திருக்கிறது. 2005-ன் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்புக்குப் பிறகு என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட ஐந்தாம் வகுப்புச் சூழ்நிலையியல் புத்தகத்தில் கோல்கொண்டா கோட்டைக்குப் போகும் சிறுவர்களைப் பற்றி ஒரு பாடம் வந்தது. சுவர் ஏன் இத்தனை கனம், தண்ணீர் எப்படி மேலே ஏறியது என்று குழந்தைகள் கேட்டுக்கொண்டே நடப்பார்கள். நல்ல முயற்சி. ஆனால் பெரும்பாலான வகுப்பறைகளில் கேள்விகளுக்கான விடைகள் கரும்பலகையில் எழுதிப் போடப்பட்டு, மனப்பாடம் செய்யப்பட்டு, பரீட்சைத் தாளில் திரும்பி வந்துவிடும்.

தமிழ் வகுப்பில் இதற்குப் பக்கத்தில் வரும் ஒரு பயிற்சி உண்டு. 'தன் வரலாறு கூறுதல்'. நான் ஒரு பேனா, நான் ஒரு ஆறு, நான் ஒரு ஆலமரம் என்று தொடங்கும் கட்டுரை. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். 'நான் ஒரு அசோகர் தூண்' என்று எழுதச் சொன்னால் எந்தக் குழந்தையும் ஒரு பக்கம் எழுதிவிடும். அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் தூணுக்குப் பசிக்காது, வடம் கையைக் கிழிக்காது, அம்மாவைத் தேடி அழாது. கதைக்கு மனிதர் வேண்டும். அதுவும் எழுதுகிற குழந்தையின் வயதை ஒத்த மனிதர்.

பெரியவர்களுக்கு எழுதும் முறைகளை எட்டு வயதுக் குழந்தைக்குச் சுருக்கித் தர முடியாது. அவர்களுடைய முதல் சிக்கல் காலம். எட்டு வயதுக்கு 'பாட்டி காலம்', 'ராஜா காலம்' என்ற இரண்டு பெட்டிகள்தான் உண்டு. அசோகர், அக்பர், காந்தி, டைனோசர் எல்லாம் இரண்டாவது பெட்டியில். ஆண்டு எண்களைச் சொல்லிப் பயனில்லை. ஒரு நீளக் கயிறு போதும். ஒரு தலைமுறைக்கு 25 ஆண்டு என்று வைத்து, ஒரு பாட்டிக்கு ஒரு முடிச்சு. அம்மாவின் அம்மா, அவளுடைய அம்மா என்று 26 முடிச்சு போட்டால் ஃபிரோஸ் ஷா காலத்துக்கு வந்துவிடலாம். அசோகரைத் தொட வேண்டுமானால் ஏறத்தாழ 90 முடிச்சு போடவேண்டும். கயிற்றைத் தரையில் நீட்டி வைத்ததும் ஒரு விஷயம் கண்ணில் படும்: ஃபிரோஸ் ஷா அசோகருக்கு அருகில் இருந்தவர் இல்லை, நமக்குத்தான் அருகில் இருந்தவர். 'பழைய காலம்' என்ற ஒரே பெட்டி உடைவது இந்த இடத்தில்தான். பெரியவர்களில் பலருக்கும் இது புதுச் செய்தியாக இருக்கும்.

அடுத்தது நோட்டுப் புத்தகம். பக்கத்தை மூன்றாகப் பிரித்துக் கோடு போட்டால் போதும். முதல் பத்திக்குத் தலைப்பு 'தெரிந்தது'. 42 சக்கரம், இலவம்பஞ்சு, நாணல், தோல், படகு எல்லாம் அங்கே. இரண்டாவது, 'நானாகச் சேர்த்தது'. கதாநாயகியின் பெயர், அவளுடைய அப்பா எந்த வடத்தைப் பிடித்தார், அவள் வளர்த்த ஆடு ஆகியவை அங்கே. மூன்றாவது, 'கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது'. அந்தக் காலத்தில் சிறுமிகள் என்ன உடுத்தினார்கள்? இரவில் விளக்குக்கு எந்த எண்ணெய்? படகு கவிழ்ந்தால் என்ன செய்வார்கள்? பெரும்பாலும் மூன்றாவது பத்திதான் நீளமாகும். ஆகட்டும். தொடக்கப் பள்ளியில் 'எனக்குத் தெரியாது' என்பதை மார்க் குறையாமல் எழுதக் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான்.

மூன்றாவதாக, கதையின் அளவு. ஒரு நாள், ஒரு இடம், ஒரு சங்கடம். போர், முடிசூட்டு விழா, ராஜ்யம் கைமாறுவது எல்லாம் வேண்டாம். 'சுல்தான் தூணைக் கொண்டுவந்தார்' என்று ஒரு குழந்தை எழுதினால், ஆசிரியர் அடித்துத் திருத்த வேண்டியதில்லை. 'சுல்தானே இழுத்தாரா?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். அடுத்த வரியில் ஆட்கள் வந்துவிடுவார்கள். 'அவர்களில் யாருக்காவது உன் வயதில் பெண் இருந்தாளா?' என்பது இரண்டாவது கேள்வி. கதை அங்கிருந்து தானாக நகரும். எழுத்தைவிடப் படம் சுலபமாக வரும் குழந்தைகளுக்கும் வழி இருக்கிறது. பாட்னாவின் குதா பக்ஷ் நூலகத்தில் 'சீரத்-இ-ஃபிரோஸ்ஷாஹி' என்ற நூலின் பழைய கையெழுத்துப் பிரதி இருக்கிறது. தூணைச் சாய்த்தது, ஏற்றியது, படகில் கொண்டுவந்தது எல்லாம் அதில் சித்திரங்களாகவே உள்ளன. அந்தப் படங்களின் நகல்களைக் கொடுத்து, படத்தில் விடுபட்ட ஒரு ஆளை வரைந்து சேர்க்கச் சொல்லலாம். அந்த ஆளுக்கு ஒரு பெயர் வைத்தால் அதுவே கதையின் முதல் வரி.

நான்காவது, குழந்தைகளுக்கு மிகவும் பிடித்த பகுதி: தப்புக் கண்டுபிடித்தல். வடம் இழுத்த அப்பாவுக்கு மகள் மிளகாய்ச் சட்னி கொண்டுபோனாள் என்று ஒருத்தி எழுதினால், மற்றவர்கள் அவளைப் பிடித்துவிடலாம். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். வாஸ்கோ ட காமா 1498-ல் கள்ளிக்கோட்டை வந்த பிறகு போர்ச்சுக்கீசியர்கள் வழியாக இந்தியாவுக்குள் நுழைந்தது. தக்காளி, உருளைக்கிழங்கு, கொய்யா, பப்பாளி, முந்திரிப் பருப்பு எல்லாமே அப்படித்தான். ஃபிரோஸ் ஷா காலத்து அடுப்படியில் காரத்துக்கு மிளகும் திப்பிலியும் இஞ்சியும்தான். இதே அளவுகோல் நம் சோழர்களுக்கும் பொருந்தும். ராஜராஜனின் வீரர்களுக்கு மிளகாய் வற்றல் தாளித்த சாம்பார் பரிமாறும் கதைகளை ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி மடக்கிவிட முடியும். ஒரு மிளகாயைத் துரத்திப் போன குழந்தை, கடல் வாணிகம் பற்றிய ஒரு பாடத்தை யாரும் சொல்லாமலே படித்துவிடுகிறது.

கோட்லாவில் இன்னொரு கஷ்டமும் உண்டு. வியாழக்கிழமைகளில் அந்த இடிபாடுகளில் கூட்டம் நிரம்பும். அங்கே ஜின்கள் வசிப்பதாக நம்பும் மக்கள், இந்துக்களும் முஸ்லிம்களுமாக வந்து மாடங்களில் விளக்கேற்றி, தங்கள் குறைகளைக் கடிதமாக எழுதி வைத்துவிட்டுப் போவார்கள். ஒரே மனுவுக்குப் பல ஜெராக்ஸ் பிரதிகள் எடுத்து ஆங்காங்கே வைப்பவர்களும் உண்டு. இதைக் கேள்விப்பட்டால் எந்தக் குழந்தை சும்மா இருக்கும்? தூணை ஜின்தான் தூக்கிக்கொண்டு வந்தது என்று வகுப்பில் பாதிப் பேர் எழுதிவிடுவார்கள். தடுக்கத் தேவையில்லை. ஒரு நிபந்தனை போதும். கதையில் வரும் சிறுமி ஜின் இருப்பதாக நம்பலாம், இரவில் பயப்படலாம், அதற்கு ஒரு பிடி சோறு எடுத்து வைக்கலாம். வடத்தை மட்டும் மனிதர்கள்தான் இழுக்க வேண்டும். ஜின் இழுத்தால் அது மாயாஜாலக் கதை. அதுவும் நல்ல கதைதான், வேறு ஒரு நாள் எழுதலாம். 8,400 பேரின் உழைப்பை ஒரு பூதத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது என்பது குழந்தைகளுக்குச் சட்டென்று புரியும். நியாயம் பற்றிய உணர்வு அந்த வயதில் கூர்மையாகவே இருக்கும்.

எதற்கு இத்தனை கண்டிப்பு, குழந்தைகள் இஷ்டத்துக்கு எழுதிவிட்டுப் போகட்டுமே என்று கேட்கலாம். இதற்குப் பதிலும் அதே தூணில் இருக்கிறது.

தூணில் எழுத்துகள் செதுக்கியிருப்பதை ஃபிரோஸ் ஷா பார்த்தார். படித்துச் சொல்லும்படி பண்டிதர்களை அழைத்தார். பிராமி எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் அப்போது இல்லை. தெரியாது என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் சிலர் அதற்கு ஒரு பொருள் சொன்னதாக அஃபீப் எழுதுகிறார்: ஃபிரோஸ் என்றொரு சுல்தான் பிற்காலத்தில் தோன்றுவார், அதுவரை இந்தத் தூணை யாராலும் அசைக்க முடியாது என்று எழுதியிருக்கிறதாம்! ராஜாவுக்கு முன்னால் நின்று, அவர் காதுக்கு இனிமையாகச் செய்த கற்பனை. அதைக் கதை என்று சொல்லியிருந்தால் ஒரு குற்றமும் இல்லை. கல்வெட்டு என்று சொன்னதுதான் பிழை.

உண்மையில் என்ன எழுதியிருந்தது என்பது வெளியே வர 1837 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கல்கத்தாவில் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தின் புதிரை அவிழ்த்தபோது, முக்கியமாகப் படிக்கப்பட்டவற்றில் இந்தத் தில்லித் தூணும் ஒன்று. அதில் 'பியதசி' என்று வரும் மன்னர் அசோகர்தான் என்பது இலங்கையின் பாலி நூல்களின் உதவியால் உறுதியானது. சாலையோரம் மனிதருக்கும் விலங்குக்கும் நிழல் தர ஆலமரங்கள் நட்டது, மாந்தோப்புகள் வைத்தது, கிணறுகள் தோண்டியது, தங்குமிடங்கள் கட்டியது பற்றி அசோகர் அதில் பேசுகிறார். ஃபிரோஸ் என்ற பெயரோ ஜோசியமோ எங்கும் கிடையாது.

மூன்று பத்தி நோட்டுப் புத்தகத்தின் அவசியம் இங்கே விளங்கும். 'நானாகச் சேர்த்தது' என்ற பத்தியில் இருக்க வேண்டியதை 'தெரிந்தது' பத்தியில் எழுதினால், கதாசிரியர் அரசவைப் புளுகராகிவிடுகிறார். வித்தியாசம் ஒரு கோடுதான். எட்டு வயதில் அந்தக் கோட்டைத் தன் கையால் போட்டுப் பழகிய குழந்தை, முப்பது வயதில் யாரோ அனுப்பும் 'ஆதாரபூர்வமான வரலாறு' கைப்பேசியில் வந்து விழும்போது, கல்வெட்டு எங்கே என்று கேட்கும்.

தமிழர்களுக்கு இந்தக் கேள்வி வேறு யாரையும்விட நெருக்கமானது. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' பல தலைமுறைகளுக்குச் சோழர் வரலாற்றையே அறிமுகம் செய்துவைத்தது. காட்டுமன்னார்கோவில் உடையார்குடிக் கல்வெட்டு ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று ரவிதாசன் உள்ளிட்டோரின் பெயரைச் சொல்கிறது. அவர்களுடைய நிலங்களைப் பற்றிப் பேசுகிறது. ஏன் கொன்றார்கள் என்று சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் கல்கி நந்தினியைப் படைத்தார். நாவலாசிரியருக்குரிய முழு உரிமையோடு செய்த காரியம். ஆனால் மணிரத்னத்தின் திரைப்படங்கள் 2022-லும் 2023-லும் வந்தபோதும் நந்தினியும் பூங்குழலியும் நிஜமாகவே வாழ்ந்தவர்கள் என்று நம்பிப் பேசியவர்களுக்குக் குறைவில்லை. கல்கியின் கற்பனை அத்தனை பலமானது என்று பெருமைப்படலாம். கல்வெட்டையும் கற்பனையையும் பிரித்துப் பார்க்க யாரும் நமக்குச் சின்ன வயதில் பழக்கவில்லை என்று கவலையும் படலாம்.

இன்னொரு தயக்கமும் ஆசிரியர்களிடம் உண்டு. அது பேச்சில் வராது, மனதில் இருக்கும். ஒரே வகுப்பில் எல்லா மதக் குழந்தைகளும் உட்கார்ந்திருக்கும்போது சுல்தான்கள் காலத்தைத் தொடுவானேன்? ஃபிரோஸ் ஷா கால்வாய் வெட்டினார், மருத்துவமனை கட்டினார். அதுவரை விலக்குப் பெற்றிருந்த பிராமணர்கள் மீது ஜிஸியா வரியும் விதித்தார். அவர்கள் எதிர்த்ததையும் அஃபீப் எழுதியிருக்கிறார். இரண்டையும் மறைக்க வேண்டியதில்லை. ஒரு ராஜா முழு நல்லவராகவோ முழுக் கெட்டவராகவோ இருக்க வேண்டும் என்பது அம்புலிமாமாக் கதையின் விதி. சரித்திரக் கதைக்கு வேறு விதி: கதையில் வரும் ஒவ்வொருவரும் தான் செய்வதற்கு ஒரு காரணம் வைத்திருக்க வேண்டும், அது படிப்பவருக்குத் தெரிய வேண்டும். வரி கட்ட முடியாதவருக்கும் காரணம் உண்டு, வசூலிக்க வந்த சேவகனுக்கும் காரணம் உண்டு. அந்தச் சேவகனின் வீட்டில் ஒரு குழந்தை இருந்தால் கதை இன்னும் நன்றாக வரும்.

தில்லியில் வளரும் தமிழ்க் குழந்தைக்கு இது கொஞ்சம் சிக்கலான பரீட்சை. 1311-ல் அலாவுதீன் கில்ஜியின் தளபதி மாலிக் காஃபூர் மதுரை வரை போய், நூற்றுக்கணக்கான யானைகளோடும் பெரும் செல்வத்தோடும் தில்லி திரும்பினார். அவைக் கவிஞர் அமீர் குஸ்ரோ அதை வெற்றிச் செய்தியாக எழுதினார். மதுரைப் பக்கத்து நினைவில் அது கொள்ளை. குழந்தை எந்தப் பக்கம் நிற்பது? யானையின் பக்கம் நிற்கலாம். தெற்கே பழக்கப்பட்ட ஒரு யானை தில்லிக்கு வந்து நிற்கிறது. புதிய பாகன் பேசும் மொழி அதற்குப் புரியுமா? 'உட்கார்' என்று எந்த மொழியில் சொன்னால் உட்காரும்? பாகனுடைய மகனுக்கு எட்டு வயது. படையெடுப்பின் கொடுமை, தூரம், அந்நியம், கடைசியில் மெல்ல ஏற்படும் ஒரு பழக்கம் எல்லாமே இந்தச் சின்னக் கதைக்குள் அடங்கும். ஒரு சொல்லில்கூட வெறுப்பு தேவைப்படாது. ஒரு உண்மையையும் மறைக்கவும் வேண்டியிராது.

வசதிகளைப் பற்றித் தில்லி குறைப்பட்டுக்கொள்ள முடியாது. கோட்லா இருக்கும் அதே பகதூர் ஷா ஜஃபர் சாலையில்தான் கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1957-ல் நிறுவிய குழந்தைகள் புத்தக அறக்கட்டளை இருக்கிறது. உள்ளேயே குழந்தைகளுக்கான நூலகமும் பொம்மை அருங்காட்சியகமும். 1949-ல் சங்கர் தொடங்கிய குழந்தைகள் போட்டி பிறகு உலக அளவில் பரவி, படங்களையும் எழுத்தையும் தேசம் தேசமாக வரவழைத்தது. வரலாற்றாசிரியர் நாராயணி குப்தா தில்லியைப் பற்றிச் சிறுவர்களுக்கென்றே 1987-ல் புத்தகம் எழுதினார். இந்த ஊரில் பிறந்து, 2014-ல் சாகித்ய அகாடமியின் பால சாகித்ய விருது பெற்று, 2021-ல் மறைந்த சுபத்ரா சென் குப்தா, சரித்திரக் கதையை இந்தியக் குழந்தைகளுக்காகவே ஆங்கிலத்தில் எழுதிக் குவித்தவர். சென்னையின் தூலிகா பதிப்பகம் வெளியிட்ட அவருடைய ஒரு நூலில் நாயகன் அக்பரும் இல்லை, தான்சேனும் இல்லை. பாட்டுப் பாட ஆசைப்படும் ஒரு சலவைத் தொழிலாளி வீட்டுப் பையன். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் தமிழ் படிக்கும் பிள்ளைகளும் இந்த ஊரில் இருக்கிறார்கள். இத்தனையையும் இணைக்க ஒரு பள்ளிப் பேருந்தும் ஒரு வெள்ளிக்கிழமை மதியமும் போதும்.

நினைவுச் சின்னம் இல்லாத ஊர்க் குழந்தைகள் என்ன செய்வது? வீட்டுக்குள் தேடலாம். கொள்ளுப்பாட்டியின் பெயர் வெட்டிய பித்தளை அண்டா ஒரு கல்வெட்டுதான். பம்பாய் தாராவியிலோ பிலாய் நகரிலோ தில்லி கரோல்பாகிலோ வசிக்கும் தமிழ்க் குடும்பத்தில் யாரோ ஒருவர் முதன்முதலாக ரயிலேறி வந்திருப்பார். 1929-ல் ஓடத் தொடங்கிய கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் வந்தாரா, பிறகு வந்த வேறு வண்டியிலா? பெட்டியில் என்ன இருந்தது? ஊறுகாய் ஜாடி வழியில் உடைந்ததா? இந்தி தெரியாமல் முதல் நாள் எப்படிக் குதிரை வண்டி பிடித்தார்? தாத்தாவிடம் கேட்டு வாங்கியது முதல் பத்தியில், தாத்தாவுக்கு மறந்துபோனது மூன்றாவது பத்தியில், நடுவில் குழந்தையின் கற்பனை. தாத்தா இருக்கும்போதே இந்தப் பயிற்சியை ஆரம்பித்துவிடுவது நல்லது.

எழுதி முடித்த கதைகளை வகுப்பில் உரக்கப் படிக்க வேண்டும். கேட்பவர்கள் ஒவ்வொருவருக்கும் 'உனக்கு எப்படித் தெரியும்?' என்று ஒரு தடவை கேட்க உரிமை உண்டு. எழுதியவர் நோட்டைப் புரட்டி, எந்தப் பத்தி என்று சொல்ல வேண்டும். கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி கட்டாயம்: இதில் எது நடந்தது, எது நான் சேர்த்தது. இலக்கணப் பிழைகளைத் திருத்துவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். மார்க் போடாமல் இருந்தால் இன்னும் நல்லது.

அஃபீப் தன் புத்தகத்தை முதுமையில் எழுதினார். அதற்குள் 1398-ல் தைமூரின் படை வந்து தில்லியைச் சூறையாடிவிட்டுப் போயிருந்தது. அவர் சிறுவனாக வளைய வந்த ஃபிரோசாபாத் பழைய ஃபிரோசாபாத்தாக இல்லை. தூண் மட்டும் நின்றுகொண்டிருந்தது. பன்னிரண்டு வயதில் மனதில் பதிந்ததை அவர் எழுதி வைத்திராவிட்டால், 42 சக்கர வண்டியையும் இலவம்பஞ்சு மெத்தையையும் இன்று யாரும் அறிந்திருக்க முடியாது. அவர் விட்டுப்போன 8,400 பெயர்களில் ஒன்றையாவது தில்லிக் குழந்தைகள் கற்பனையாக எழுதிச் சேர்க்கட்டும். அதன் பக்கத்தில், இது நான் வைத்த பெயர் என்று மறக்காமல் குறித்தும் வைக்கட்டும்.